இன்னொருவருக்காக நான் பேசி முடித்த உரை

அரங்கத்துக்கு எந்தக் கல்லூரியில் கேட்பது, சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது, டி-ஷர்ட்டில் எந்த அளவு எப்போதும் போதாமல் போகும் என்பதையெல்லாம் சுபாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாநாட்டை என்னோடு சேர்ந்து முதலிலிருந்து நடத்தியவள் அவள். உண்மையைச் சொன்னால் நடத்தியவளே அவள்தான். நான் பெரும்பாலும் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன்.

இனி நீங்கள் நடத்தப்போகிறீர்கள். “நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை வரவில்லை. ஒரு சம்பவம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதையே எழுதிவிடுகிறேன்.

தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் புனேயிலேயே பிறந்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எதையும் நியாயம்போலக் காட்டிவிட எனக்குத் தெரியும். உத்தியோகக் காலம் முழுவதும் அதைச் செய்துதான் சம்பளம் வாங்கினேன்.

நம்முடைய மாநாடு எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், ஒரு அரங்கம். புரோகிராம் எழுதுகிறவர்கள் மற்ற புரோகிராம் எழுதுகிறவர்களிடம், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்வார்கள். பேசுகிறவருக்கு ஒரு துணிப்பையும் ஒரு சின்னச் செடித்தொட்டியும் கொடுப்போம். அவ்வளவுதான். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் மேடை. ஒவ்வொரு வருடமும் வரவேற்புரையில் இதை நான் பெருமையாகச் சொல்வேன்.

முதல் வருடம் விதிகளை எழுதியவனும் நான்தான். அதில் ஒன்று: எல்லா உரைகளும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று யாராவது கேட்டால், வங்காளிகள் இருக்கிறார்கள், மலையாளிகள் இருக்கிறார்கள், ஒடியாக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் புரிய வேண்டாமா என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அந்த வரிசையில் என் பெயரை நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் பள்ளியில் படித்தவன். வேலைக்காகப் புனேக்கு வந்தபோது இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் தொடங்கும். முக்கியமான இடம் வந்ததும் யாராவது இந்திக்கு மாறுவார்கள். இன்னொருவர் மராத்தியில் பதில் சொல்வார். முடிவு அங்கேதான் எடுக்கப்படும். பிறகு மறுபடி ஆங்கிலம். நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரிக்கும்போது சிரிப்பேன். ஒருநாள் மற்றவர்களைவிட உரக்கச் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் பரிதாபப்பட்டு, “அது உங்களைப் பத்தித்தான் சார்” என்றார். நான் நடத்தும் கூட்டத்தில் ஒருவனும் அப்படி உட்காரக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அது நல்ல முடிவு என்று வெகுகாலம் நம்பினேன்.

ஸ்வப்னிலை நான் முதலில் கவனித்தது ஒரு டீக்கடையில். மாநாட்டுக்கு முந்தைய மாதங்களில் சனிக்கிழமைகளில் பேச்சு கேட்க ஒரு சிறு கூட்டம் கூடுவோம் அல்லவா, அது முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போவோம். அவன் தாபோடிக்காரன். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. பத்தாவது வரை மராத்தி வழிப் பள்ளி, பிறகு டிப்ளமோ, வேலை பார்த்துக்கொண்டே பட்டம். அப்போது ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தான். மற்றவர்கள் எழுதும் புரோகிராம் எங்கே உடைகிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை. ஓய்வு நேரத்தில் தானே ஒரு கருவி எழுதிக்கொண்டிருந்தான். அது என்ன என்று யாரோ கேட்டார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மராத்தியில் சொல்லத் தொடங்கினான். ஆயி என்றால் அம்மா, மேத்தி என்றால் வெந்தயக்கீரை.

“எங்க ஆயி அப்பாவுக்குப் போன் போடுறா. வரும்போது மேத்தி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. அப்பா சரின்னு சொல்றதுக்குள்ள லைன் கட். அவருக்குக் கேட்டுதா இல்லையா? ஆயிக்குத் தெரியாது. மறுபடி போடுறா. மறுபடி கட். இந்த மனுஷனை நம்பினா ஆகாதுன்னு எனக்குப் போடுறா. நான் ஒரு கட்டு வாங்கிட்டு வர்றேன். ரெண்டு தடவை கேட்டதால அப்பா ரெண்டு கட்டு. அன்னைக்கு மேத்தி பாஜி. மறுநாள் மேத்தி பராட்டா. அதுக்கு மறுநாள் எங்க அப்பா கேன்டீன்லயே சாப்பிட்டுட்டு வந்துட்டாரு.”

டீக்கடைக்காரரே பாலை இறக்கி வைத்துவிட்டு, “அப்புறம் ஆயி என்ன சொன்னாங்க?” என்றார்.

“என்ன சொல்வா? கீரை உடம்புக்கு நல்லதுன்னா.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான். “கம்ப்யூட்டரும் எங்க வீடுதான். பதில் வரலைன்னா, கேக்கலைன்னு அர்த்தமில்ல. அதனால ஆயி ஒவ்வொரு தடவையும், ‘இது அப்பச் சொன்ன அதே மேத்தி’ன்னு சேத்துச் சொல்லணும். கேட்டவன் ‘அதேவா, அதான் வாங்கியாச்சே’ன்னு விட்டுடணும். யாரோட புரோகிராம்ல எந்த இடத்துல மேத்தி ரெண்டு தடவை வந்துடும்னு கண்டுபிடிச்சுச் சொல்ற கருவி என்னோடது.”

என் மராத்தி காய்கறிக் கடைக்கே போதாதது. ஆனாலும் அன்றைக்கு யாருடைய முகத்தையும் பார்க்காமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தேன். இதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “மாநாட்டுக்கு இதை அனுப்பு” என்று மட்டும் சொன்னேன். அனுப்பினான். தேர்வுக் குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை.

பேசப்போகிறவர்கள் மாநாட்டுக்கு முந்தின வாரம் நம்மிடம் ஒருமுறை பேசிக் காட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த வருடம் பாணேரில் சுபாவின் ஃபிளாட்டில் வைத்தோம். ஸ்வப்னில் சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் நின்று ஆங்கிலத்தில் பேசினான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். குரல் மெலிந்துபோயிற்று. மேத்தி வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்து இந்தியில் கேட்டான்.

“சார், ஸ்லைடெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கட்டும். பேச்சு மட்டும் இந்தியில வெச்சுக்கவா? நடுவுல மராத்தி வந்தா வரட்டும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் சுபா என்னிடம் தமிழில், “தாராளமாப் பேசட்டுங்ணா. அன்னைக்கு டீக்கடையில என்னமாப் பேசுனான்! இங்க பாருங்க, பரீட்சைக்கு வந்தவனாட்ட நிக்கறான்” என்றாள். கோயமுத்தூர்க்காரி. மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவாள்.

“அதெல்லாம் சரிப்படாதும்மா. இன்னைக்கு இவன் இந்தியில பேசுவான், நாளைக்கு இன்னொருத்தன் பெங்காலியில பேசுதேம்பான். நான் என்னத்துக்குச் சொல்லுதேன்னா, எல்லாருக்கும் புரியணும்லா?”

“இந்த ஊர்ல யாருக்குங்ணா இந்தி புரியாது?”

அதற்கு விடை அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஸ்வப்னில் விஷயத்தைச் சொன்னான். அவனுடைய கம்பெனியில், புரோகிராம் எழுதும் குழுவில் ஓர் இடம் காலியாகிறது. நிரந்தர வேலை. ஒப்பந்தத்தில் சோதிப்பவனை அந்தக் குழுவுக்கு யாரும் எடுத்ததில்லை. ஆனால் மேலாளர் இவனுடைய கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டு, “மாநாட்டுல பேசு. நான் வந்து கேக்கறேன். நல்லா இருந்தா உன் பேரைச் சொல்றேன்” என்று சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் சீக்கிரம் முடிகிறது. இதை விட்டால் அந்தக் கம்பெனியில் வேறு வழியில்லை.

“கவலைப்படாதே, நான் எழுதித் தருகிறேன்” என்றேன்.

எழுதினேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேத்தியை எடுத்துவிட்டேன். மேடைக்கு அது ஆகாது என்று பட்டது. அதற்குப் பதில் வங்கிப் பரிமாற்றம் ஒன்றை உதாரணமாக வைத்தேன். நிறுத்த வேண்டிய இடங்களில் கோடு போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் செய்து, “பாடம் ஆயிடுச்சு சார்” என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்னுடைய வேலையைப் பற்றி ஒருவன் பேச, அதை மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது என்றால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. உங்களிடம் யாராவது “பாடம் ஆகிவிட்டது” என்று சொன்னால் தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள்.

மாநாட்டு நாளில் பாதி உரை வரை எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் நான் கோடு போட்ட இடத்தில் நின்றது. மேடைக்குக் கீழே, நேரம் காட்டும் அட்டையோடு நின்றுகொண்டு, அவனோடு சேர்ந்து நானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் அவனுடைய மேலாளர் உட்கார்ந்திருந்தார். நல்ல கவனத்தோடு கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார்.

கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “முதல் வேலை இன்னும் முடியல, பாதியில இருக்கு. அப்பவே அதே கோரிக்கை ரெண்டாவது தடவை வந்துட்டா உங்க கருவி என்ன செய்யும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான விடையைத்தான் ஸ்வப்னில் ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதியிருந்தான். அப்பா கடை வாசலில் பையை விரித்துக்கொண்டு நிற்கும்போது மறுபடி போன் வந்தால் என்ன ஆகும் என்று டீக்கடையில் கேட்டிருந்தால் ஒரு நாடகமே நடத்தியிருப்பான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். விடை தெரிந்தவனின் முகம். வாயைத் திறந்தான். அந்த விடைக்கு நான் ஆங்கிலம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டு வார்த்தை வந்தது, நின்றது. மனப்பாடம் செய்தவர்கள் செய்வதுபோல, கேள்விக்கு முந்தின பத்தியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஒப்பித்தான். அதே இடத்தில் நின்றது. மறுபடியும் தொடக்கத்துக்குப் போனான். பின் வரிசைகளில் ஒவ்வொருவராக போனை எடுத்தார்கள். மேலாளர் உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சுபா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணா, மேல போயி இந்தியில சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். அவம்பாட்டுக்குச் சொல்லீருவான்.”

மேடையில் விழும் மௌனத்தைப் போல நம் வேலையில் பயப்படக்கூடியது எதுவும் இல்லை. மின்சாரம் போனால் எல்லோரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள், அது ஒரு ஆறுதல். மௌனம் அப்படியல்ல, நடத்துகிறவனின் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் பயம் எனக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. அவனை இந்தியில் பேசச் சொன்னால், நான் எழுதிய விதியை முழு அரங்கத்தின் முன்னால் நானே உடைப்பதாகும். அதுவும் அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாகத் தோன்றியது.

மேடையேறினேன். ஸ்வப்னில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நான் வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என் காதருகில் குனிந்து, “சார், இந்தியில சொல்லிடவா?” என்றான். நான் அவன் தோளைத் தட்டி, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, மைக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

கேள்விக்குப் பதில் சொன்னேன். அவன் எனக்கு விளக்கியிருந்ததைத்தான் சொன்னேன், ஆனால் நன்றாகச் சொன்னேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. மீதி உரையையும் நானே பேசினேன். நான் எழுதியது அல்லவா, தடையில்லாமல் வந்தது. நான் தலையசைக்கும்போதெல்லாம் அவன் அடுத்த ஸ்லைடுக்குப் பொத்தானை அழுத்தினான். முடிந்ததும் அரங்கம் கைதட்டியது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். கூட்டம் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது மேலாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் தட்டில் பூரியும் ஸ்ரீகண்ட் இனிப்பும் இருந்தன. “நல்ல சமயத்துல காப்பாத்தினீங்க. தப்பா நினைக்காம சொல்லுங்க. இதுல அந்தப் பையனோடது எவ்வளவு?” என்றார்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மைக்கை வாங்கியதைக்கூடப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு எனக்கு அவகாசம் இருந்தது. கையில் தட்டு இருந்தது, முன்னால் நிதானமான ஒரு மனிதர் இருந்தார், விடையும் ஒரே வாக்கியம்: எல்லாமே அவனுடையது, ஆங்கிலம் மட்டும் என்னுடையது, அதையும் நான்தான் அவன்மேல் திணித்தேன். நான் சொன்னது அதுவல்ல. கொஞ்சம் சிரித்தேன். தலையைச் சாய்த்தேன். “ஏதோ, கொஞ்சம் உதவினேன்” என்றேன்.

நம் ஊரில் கோயிலுக்குக் கோபுரமே கட்டிக் கொடுத்தவரும் ‘ஏதோ நம்மாலானது’ என்றுதான் சொல்வார். அந்தத் தொனிக்கு அர்த்தம் கொஞ்சம் என்பதல்ல. எந்த மொழிக்காரருக்கும் அது புரியும். மேலாளருக்கும் புரிந்தது. “அப்படித்தான் நினைச்சேன்” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது எனக்கும் தெரியும். பின்னாலேயே போய்த் திருத்தியிருக்கலாம். ஸ்ரீகண்டைச் சாப்பிட்டேன்.

சில வாரங்கள் கழித்து சுபா போன் செய்தாள். “ஸ்வப்னிலுக்கு அந்த வேலை கிடைக்கலைங்ணா. வேற யாரையோ எடுத்துட்டாங்களாம். ‘அந்தக் கருவியே அந்தப் பெரியவர் செஞ்சதுதான்’னு அவிய மேனேஜர் நெனச்சுட்டு இருக்காருன்னு கேள்வி. நீங்க அவர்கிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?”

“நான் ஒண்ணும் அப்படிச் சொல்லலையே” என்றேன். அதுவும் உண்மைதான்.

“செரிங்ணா” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் என்னோடு வேலை செய்தாள், சண்டை போட்டாள், என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். ஆனால் எந்த விஷயத்திலும் என் அபிப்பிராயத்தை முதலில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மேலாளரைப் போய்ப் பார்த்தேன். போகவே எனக்கு நாளாயிற்று. கோந்த்வாவில் அவர் வீட்டுக்கே போய், நடந்ததை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. சரியான கேள்வியைச் சரியான ஆளிடம்தான் கேட்டிருந்தார். இடம் நிரம்பிவிட்டது. ஸ்வப்னிலின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது.

ஸ்வப்னிலிடமும் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், எனக்குத்தான் பதில் வரல” என்றான். இல்லை, உனக்குப் பதில் வந்தது, நான்தான் விடவில்லை என்றேன். அவன் வாதாடவில்லை. சில மாதங்கள் வேலையில்லாமல் இருந்து, பிறகு சாக்கன் பக்கம் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அங்கே நல்ல பெயர் என்று கேள்விப்படுகிறேன். அவன் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அது என்னைப் பெரிய ஆளாக்கும் பொய்யும்கூட. ஆனால் அந்தக் கருவியை அவன் அத்தோடு விட்டுவிட்டான். இன்று நீங்கள் எல்லோரும் அதே வேலைக்கு வேறொருவர் எழுதிய கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்.

மேடையில் ஒருவர் திணறினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். மைக்கை வாங்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள். கேள்வியை அவருடைய மொழியில் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுக்குத் தெரியாவிட்டால் அரங்கத்தில் தெரிந்த ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். மௌனம் நீண்டால் நீளட்டும், அதனால் யாரும் செத்ததில்லை. அதையும் மீறி மேலே ஏற நேர்ந்தால், நீங்கள் பேசியது யாருடைய வேலை என்பதைக் கீழே இறங்குமுன் மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தனியாக யாரும் சொல்வதில்லை.

அடுத்த வருடக் குழுக் கூட்டத்தில் சுபா அந்த விதியை எடுக்க வேண்டும் என்றாள். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். கடைசியாக நானும். அதிலிருந்து இந்தியிலும் மராத்தியிலும் உரைகள் வருகின்றன. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முக்கால்வாசி புரியும். புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன், அவர் சொல்வார். அவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் அந்தச் சின்னக் கூச்சத்துக்காகத்தான் அத்தனை வருடம் ஒரு விதி வைத்திருந்தேன்.

விதியை எடுத்ததும் சுபா முதலில் அழைத்தது ஸ்வப்னிலை. “கேக்க வர்றேன், பேச வரல” என்றான். வந்தான். கேட்டான். போனான். ஒவ்வொரு வருடமும் அழைக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அதே பதில். நீங்களும் அழையுங்கள்.

இந்த வருடம், பொறுப்பை உங்களிடம் கொடுப்பதற்காக, சுபா பழைய வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றினாள். ஸ்வப்னில் உரையின் வீடியோவும் இருந்தது. தலைப்பில் அவன் பெயர், பிற்பாதியில் என் குரல். “இதை வைக்கறதா, வேண்டாமா? நீங்களே போய் அவன்கிட்டக் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தாபோடிக்குப் போனேன். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. கட்டிலில் உட்காரவைத்தான். விஷயத்தைச் சொன்னதும், யோசிக்கவே இல்லை.

“எடுத்துடுங்க சார். ஆயிகிட்ட ஒண்ணு இருக்கு. அது போதும்.”

அவன் அம்மா டீ கொண்டுவந்தார். இவர் அந்த மாநாட்டு சார் என்று ஸ்வப்னில் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீடியோவை ஓடவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவாராம். ஒரு வார்த்தை புரியாதாம், ஆனால் மகன் நிற்காமல் இங்கிலீஷ் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். முதல் பாதி ஓடியது. நான் எழுதிய வாக்கியங்கள். மேலாளர் கையை உயர்த்தப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் படம் நின்றது. அதற்கு மேல் அந்தப் போனில் இல்லை. வெட்டிக் கொடுத்தவன் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“வீடியோ எடுத்தவன் முடிவை எடுக்காம விட்டுட்டான்” என்றார் மராத்தியில். “நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்கதானே?”

“இருந்தேன்.”

“முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டினாங்களா?”

ஸ்வப்னில் தலை நிமிரவில்லை.

“தட்டினாங்க” என்றேன், எனக்குத் தெரிந்த மராத்தியில். “ரொம்ப நேரம் தட்டினாங்க. சில பேர் எழுந்து நின்னாங்க.”

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா? எத்தனை தடவை கேட்டேன், நீ சொல்லவே இல்லையே!”